தொலைக்கல்வி: மற்றை முக்காற் பங்கு எங்கே?

ஆனையிறவு என்ற பெயரைக் கேட்டவுடன் இக்காலத்தவர் நெஞ்சிலே தோன்றுவது போர். 1991 ஆம் ஆண்டிலும் 2000 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் அங்கு நிகழ்ந்தவற்றை அறிந்தோர், அப்பெயரின் பிற்பகுதிக்குச் சாவென்றே பொருள் கொள்ளினும் வியப்பில்லை. ஆயினும் சொல்லின் வரலாறு வேறு. இறத்தல் என்பதற்குக் கடத்தல் என்பது பழந்தமிழ்ப் பொருள். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழங் குறைந்த கடனீரேரியூடாக நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுசென்ற இடமாதலின் அஃது ஆனையிறவாயிற்று. பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் அவ்வொடுங்கிய நிலத்தின் வழியாகவே இன்று ஏ-9 நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் செல்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத இணையமும் அவ்வழியே கடந்து செல்கின்றது. அவ்விணையத்தின் வழியே கல்வியும் வந்து சேரும். வயது வந்தோர் வீட்டிலிருந்தபடியே கற்றுத் தேறலாம் என்று பல திசைகளிலிருந்தும் கூறக் கேட்கின்றோம். அக்கூற்று நம் கிராமங்களில் எவ்வளவுக்கு மெய்யாகக் கூடும், மெய்யாவதற்கு இன்னும் என்ன வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயது வந்தோர் கல்வி என்றால், எழுத்தறியா முதியோர்க்கு அகரம் கற்பிக்கும் இராப் பாடசாலை என்று கருதுவோர் இன்னும் உளர். வன்னியின் நிலை அதுவன்று. 2008 ஆம் ஆண்டிலே கிளிநொச்சி மாவட்டத்திற் சாதாரண தர வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராக இடப்பெயர்வு நிகழ்ந்தது. 2009 சனவரியிற் கிளிநொச்சியும் ஆனையிறவும் படையினர் வசமாயின. மே மாதம் வரையில் அப்பிள்ளை புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என ஒதுங்கி ஒதுங்கிச் சென்று, உயிர் தப்பியிருப்பின், செட்டிகுளத்து முகாமை அடைந்தது. அத்தனை இடரிலும் பரீட்சை எழுதித் தேறியவர் உண்டு. அவரைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகின்றோம். தேறாதவரையும் எழுதவே இயலாதவரையும் பற்றிப் பேசுவாரில்லை. அவர்க்கு இன்று வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவரிற் பலர் பிள்ளைகளைப் பெற்றோர்; கணவனை இழந்து குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்களும் பலர். எழுதப் படிக்க அவர் அறிவர். அவரிடம் இல்லாதது சான்றிதழ். சாதாரண தரச் சித்தியில்லாதவர்க்கு எழுதுவினைஞர் பதவியும் தாதியர் பயிற்சியும் எட்டாக் கனிகள் என்பதை நாம் அறிவோம்.

ஆனையிறவு உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். 1990 ஆம் ஆண்டிற் போரினால் அங்கு உற்பத்தி நின்றது. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னர் உப்பு மீண்டும் விளைவிக்கப்பட்டது. 2025 மார்ச்சு மாதத்திலே மேசையுப்பு ஆலையும் திறக்கப்பட்டது. ஆலையொன்று வந்தபின் அளத்தில் உப்பு வாருவோர் மட்டும் போதார். அயடீன் கலக்கும் அளவை அறிந்தவர் வேண்டும். பொறிகளைப் பேணுபவர் வேண்டும். பொதி செய்தலும் கணக்கு வைத்தலும் சந்தை நிலவரமும் தெரிந்தவர் வேண்டும். அவ்வேலைகளுக்கு அயலூர்களான தட்டுவன்கொட்டியிலும் உமையாள்புரத்திலும் இயக்கச்சியிலும் வாழ்வோரே தகுதி பெறுவரா, அன்றி அவர் என்றும் உப்பு வாருவோராகவும் பிறர் வந்து மேற்பார்வை செய்வோராகவும் அமைவரா? இவ்வினாவுக்கு விடை கூற வேண்டியது கல்வியே. வயது வந்தோர் கல்வி ஒரு தருமப் பணி என்று நினைத்திருப்போர் இதனைச் சிந்திப்பாராக.

இணையவழிக் கல்வியின் நன்மைகளை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பின் பஸ் இல்லாத ஊர்கள் வன்னியிற் பல. கைக்குழந்தையை விட்டு வெளியே செல்ல இயலாத தாய்க்கும், போரிற் காலிழந்து தொலைவழி நடக்க மாட்டாதவர்க்கும், பகல் முழுதும் வயலில் நின்றவர்க்கும் வீடு தேடி வரும் பாடம் ஒரு வரப்பிரசாதமே. ஒருமுறை கேட்டு விளங்காததை மறுமுறை கேட்கலாம். பத்து முறையும் கேட்கலாம். முகம் சுளிக்கும் ஆசிரியரும் அங்கில்லை, நகைக்கும் சிறுவரும் இல்லை. 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் மின்னூலகத்திலே ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் விலையின்றிக் கிடைக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தபோது நாம் இழந்தவை எத்துணை என்பதை அறிந்தோர்க்கு, ஆனையிறவிலிருந்து ஒருவர் நள்ளிரவிலும் பழைய நூலொன்றைத் திறந்து படிக்கலாம் என்பது எளிய செய்தியன்று.

இனி, நிறுவனங்களின் நிலையைப் பார்ப்போம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நாவலையில் தலைமையிடமும் யாழ்ப்பாணத்தில் ஒரு பிராந்திய நிலையமும் அதற்கு உண்டு. பாடசாலைக் கல்வியை இடையில் விட்டவரும், பதினெட்டு வயது நிரம்பியிருப்பின், அடிப்படைக் கற்கைநெறிகளிற் புகுந்து படிப்படியாக மேலேறலாம் என்பது அதன் சிறப்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டங்களை வழங்குகின்றது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடசாலையை விட்டோர்க்கெனத் திறந்த பாடசாலைத் திட்டமொன்றை வகுத்துள்ளது. கைப்பழக்கத்தாற் பெற்ற திறமையைச் சோதித்து அதற்கும் சான்றிதழ் வழங்கும் வழி தேசிய தொழிற்றகைமை முறையில் இருக்கின்றது. ஆகவே கதவுகள் இல்லை என்று நாம் குறை கூற இயலாது.

ஆயினும் ஒரு முரண்பாட்டை இங்கே சுட்டாதிருத்தல் இயலாது. இந்நாட்டிலே 1945 ஆம் ஆண்டு முதல், பாலர் வகுப்புத் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரையிற் கல்வி இலவசம். உரிய வயதில் உரிய பரீட்சையிற் சித்தியெய்தி அரசாங்கப் பல்கலைக்கழகம் புகுந்தவர் கட்டணமின்றிக் கற்கின்றார். போரினால் அவ்வயதை இழந்து, முப்பது வயதிலே திறந்த பல்கலைக்கழகத்தை நாடுபவரோ கட்டணம் செலுத்திக் கற்க வேண்டியவராகின்றார். வறியோர்க்கு உதவி நிதி உண்டு என்பர். உதவி கேட்டு விண்ணப்பிப்பதும் உரிமையோடு பெறுவதும் ஒன்றாகா. இலவசக் கல்வி என்னும் பெருஞ் சொத்தைத் தம் தவறின்றி இழந்தவர்க்கே கல்வி விலைக்கு விற்கப்படுகின்றது என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவிப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது இணையவழிக் கற்பித்தல் ஒரே நாளில் நாடெங்கும் பேச்சாயிற்று. பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை மாணவர் கட்டணமின்றிப் பார்க்கத் தொலைபேசி நிறுவனங்கள் இடமளித்தன. அது பாராட்டத் தக்க செயல். ஆனால் அச்சலுகை பல்கலைக்கழகத்துக்குள் இருந்தோர்க்கே பயன்பட்டது. வெளியே நின்ற வயது வந்தோர்க்கு அதனால் ஆயதொன்றில்லை. கணினி உள்ள வீடுகள் இந்நாட்டில் ஐந்துக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே நிற்கின்றன என்பது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் அவ்வாண்டுகளில் வெளியிட்ட கணக்குகளாற் புலனாயிற்று. கிராமத்து வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசி. பிள்ளைகளுக்கு 'சூம்' வகுப்பு நடக்கும் வேளையில் தாய்க்கு அது கிடையாது. வகுப்பு முடிந்தபின் 'ரீலோட்' போட்ட பணம் மிஞ்சியிராது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்ற நாள்கள் இருந்தன. அப்போது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதே பெரும்பாடாயிற்று.

இவை பொருள் வசதி பற்றிய குறைகள். காலப்போக்கில் இவை நீங்கக் கூடும். செய்மதி வழியாக இணையம் தரும் சேவையும் 2025 சூலையில் இலங்கையில் தொடங்கிவிட்டது. அலை எட்டாத காட்டூர் ஒன்றும் இல்லை என்னும் நாள் தொலைவில் இல்லை. கருவிகள் யாவும் கைக்கு வந்தபின்னரும் தீராத குறை வேறொன்று உண்டு. அதனை விளக்குதற்கு நம் இலக்கண நூலொன்றின் துணையை நாடுவோம்.

பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் கல்வி நிரம்பும் முறையைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் கூறுவதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் மாணாக்கனைச் சேர்வது காற்பங்கே. உடன் கற்பாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கும் தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே நிரம்பும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கணக்கைப் பண்டிதர்கள் பரீட்சைக்காக மனனம் செய்து விட்டுவிடுகின்றோம். இன்றைய இணையவழிக் கல்வியை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. திரையிலே ஒருவர் பேச, தொலைவில் ஒருவர் தனியே கேட்பது முதற் காற்பங்கு. உடன் பயில்வாரும் இல்லை, எடுத்துரைக்கக் கேட்பாரும் இல்லை என்னும்போது மற்றை முக்காற் பங்கு எங்கிருந்து வரும்?

இது பழைமை பாராட்டும் பேச்சென்று எவரேனும் கூறுவராயின், மேனாட்டார் தாமே எடுத்த கணக்கைக் காட்டுவோம். அமெரிக்காவின் ஆவர்ட் பல்கலைக்கழகமும் மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனமும் சேர்ந்து 2012 ஆம் ஆண்டில் 'எட்எக்ஸ்' என்னும் இணையவழிக் கல்வி முயற்சியைத் தொடங்கின. உலகின் தலைசிறந்த பேராசிரியர்களின் பாடங்கள் எவரும் கட்டணமின்றிக் கேட்கும்படி விடப்பட்டன. இனி வறியநாட்டு ஏழை உழவனும் ஆவர்ட் மாணவனே என்று பத்திரிகைகள் எழுதின. அப்பாடங்களிற் சேர்ந்தோரின் பதிவேடுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019 ஆம் ஆண்டிற் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. 2017-18 ஆம் ஆண்டிலே சேர்ந்தோருள் முடித்தவர் நூற்றுக்கு மூவர் என்ற அளவினரே. சான்றிதழுக்கெனப் பணம் கட்டியவருள் முடித்தோர் தொகை இதனினும் மிக அதிகம். மேலும், சேர்ந்தவருட் பெரும்பாலோர் செல்வ நாடுகளைச் சார்ந்தோர் என்றும் அவ்வாராய்ச்சி கண்டது. பேராசிரியர்க்கும் பாடத்துக்கும் அங்கே குறைவில்லை. தனியே விடப்பட்டவன் இடையிலே நின்றுவிடுகின்றான் என்பதே அதனாற் பெறப்படும் பாடம்.

தொலைவிலிருந்து கற்றல் நமக்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டு முதல், எங்கிருந்து கற்றவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று இடமளித்தது. பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சைக்கு ஈழத்திலிருந்து பலர் தோற்றினர். பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் எனப் பெயர் பெற்ற மயில்வாகனனார் 1916 ஆம் ஆண்டில் அதிற் சித்தியெய்தினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் இங்கிருந்தே பெற்றார். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் பரீட்சைகளை நடத்தி, ஊர்ப்புறத்து ஆசிரியர் பலரைக் கல்லூரி புகாமலே பண்டிதராக்கிற்று. பகலிற் பாடசாலையிற் கற்பித்து இரவில் இலக்கணம் பயின்ற அவர்கள் யாவரும் வயது வந்த மாணாக்கரே.

ஆனால் அவர்கள் தனியே கற்றாரல்லர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எழுதிய பரீட்சை மதுரைச் சங்கத்தது. அவர்க்குப் பாடம் சொன்ன சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரோ வண்ணார்பண்ணை நாவலர் காவிய பாடசாலையிலே இருந்தவர். பரீட்சையும் பட்டமும் கடல் கடந்து வந்தன; ஆசிரியர் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தார். நூலொன்றை நால்வர் சேர்ந்து வாசித்து, ஐயத்தைத் தெளிந்து, இளையவர்க்கு அதனைச் சொல்லிக்கொடுத்தனர். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வாசிகசாலையிலும் அம்முக்காற் பங்கு நிரம்பிற்று. தொலைக்கல்வி எங்கெங்கு வெற்றி பெற்றதோ அங்கெல்லாம் அதற்கு அருகிலே ஓர் இடமும் ஓர் ஆளும் இருந்தமையை ஊன்றிப் பார்ப்போர் காணலாம்.

பிற நாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலே சுத்தாதென்சா என்னும் மலைக் கிராமத்தில் 1947 ஆம் ஆண்டிற் சல்சேடோ என்னும் இளங் கத்தோலிக்கக் குரு ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். எழுத்தறியாத உழவர்க்கு வானொலி வழியே எழுத்தும் கணக்கும் உடல்நலமும் பயிர்த்தொழிலும் கற்பிக்கப்பட்டன. அம்முறையின் உயிர்நாடி வானொலிப் பெட்டியன்று. ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்திலும், சிறிது படித்த அயலவர் ஒருவர் துணைவராக இருந்தார். வானொலி ஆசிரியர் சொன்ன எழுத்தை அவர் பலகையில் எழுதிக் காட்டினார், பிழை திருத்தினார், வராதவரை வீடு சென்று அழைத்தார். அத்துணைவருக்கும் அதுவே கல்வியாயிற்று. நன்னூலார் கூறிய அரைப்பங்கு அவர்க்குக் கிடைத்தது என்க.

நம் நாட்டிலும் கொத்மலைச் சமூக வானொலி 1999 ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் துணையுடன் ஒரு புதுமை செய்தது. இணையத்தை நேரே பார்க்க இயலாத கிராமத்தவர் தம் ஐயங்களை வானொலிக்கு எழுதி அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்திலே தேடி, அவர்க்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்பிலே எடுத்துரைப்பார். தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்திலே பொதுநலவாயக் கற்றல் அமைப்பின் ஆதரவோடு, ஆடு வளர்க்கும் பெண்கள் கைத்தொலைபேசியிற் குரற்பாடங்களைக் கேட்டுக் கற்றனர். அவர்கள் ஏலவே சுயவுதவிக் குழுக்களாகக் கூடியிருந்தவர்கள். வங்கிக் கடனும் அக்குழுவின் வழியே வந்தது. காலையிற் கேட்ட பாடத்தைப் பற்றி மேய்ச்சல் நிலத்திலே கூடிப் பேசினர். பாடம், கூட்டம், தொழில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னப்பட்டமையால் அது பயன் தந்தது.

அரசாங்கமும் முயலாமல் இல்லை. 'நெனசல' என்றும் அறிவகம் என்றும் வழங்கிய கணினி நிலையங்கள் 2005 முதல் நாடெங்கும் நூலகங்களிலும் சமய நிலையங்களிலும் அமைக்கப்பட்டன. அம்முயற்சிக்கு 2014 ஆம் ஆண்டிற் கேற்ஸ் நிதியத்தின் உலகப் பரிசொன்றும் கிடைத்தது. அவற்றுள் ஆர்வமும் அறிவும் உள்ள ஒருவர் பொறுப்பாயிருந்த இடங்கள் செழித்தன. திட்டப் பணம் நின்றபின் நடத்துவாரின்றித் தளர்ந்தனவும் உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு தொலைக்கல்வியைப் புதுமைப்படுத்தும் பெருந்திட்டமொன்று 2003 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. நாடெங்கும் இணையவழிக் கற்றல் நிலையங்கள் எழுந்த அவ்வாண்டுகளிலேயே, 2006 ஆகஸ்டில், ஏ-9 பாதை மூடப்பட்டது. பிற மாவட்டங்கள் ஏறிய படியில் வன்னி அன்று ஏற இயலவில்லை. இப்போது புதிய திட்டங்கள் வகுப்போர் இந்தப் பின்னடைவையும் கணக்கிற் சேர்த்தல் நீதியாகும்.

நிற்க. இனிச் செய்யத் தக்கது யாது? முதலாவது இடம். புதுக் கட்டடம் வேண்டியதில்லை. வன்னிக் கிராமங்களிற் சனசமூக நிலையங்கள் உண்டு. பிரதேச சபைகளின் பொது நூலகங்கள் உண்டு. பாடசாலைகளிற் பிற்பகலிலே பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளும் உண்டு. வாரத்தில் இரு மாலை, இரண்டு மணி நேரம் அவற்றுள் ஒன்றைத் திறந்து வைத்தாற் போதும். ஒரு பெருந் திரை, நல்ல வெளிச்சம், பாடங்களை முன்னரே இறக்கிச் சேமித்து வைத்த ஒரு கணினி, மின்சாரம் நின்றால் உதவச் சூரியவொளித் தகடொன்று ஆகியன இருப்பின் தனித்தனி வீடுகளிற் செலவழியும் பணம் மிஞ்சும். தாய்மார் கூட்டி வரும் சிறுவர்க்கு அருகே ஒரு பாயும் விரிக்கப்பட வேண்டும். சிறு செய்தியாயினும் இதனைப் புறக்கணித்தால் வகுப்பின் பாதி வெறுமையாகும்.

இரண்டாவது ஆள். வட மாகாணத்திலே பட்டம் பெற்று வேலையின்றி இருப்போர் பலர். 2017 ஆம் ஆண்டிலே அவர்கள் வீதியோரத்தில் மாதக் கணக்காக அறவழிப் போராட்டம் நடத்தியதை நாம் மறக்கவில்லை. அவருட் சிலரை ஊதியம் கொடுத்துத் துணையாசிரியராக அமர்த்தலாம். பாடத்தை முழுதும் கற்பிப்பது அவர் கடமையாகாது. விளங்காததை விளக்குதல், ஒப்படையை உரிய நாளில் அனுப்பச் செய்தல், கற்போரை இருவர் இருவராக அமர்த்தி ஒருவர்க்கொருவர் சொல்லச் செய்தல், இரு வாரம் வராதவரைத் தேடிச் செல்லல் என்பனவே அவர் பணி. தொண்டர் என்ற பெயரால் ஊதியமின்றி வேலை வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. முன்பள்ளி ஆசிரியைகளின் நிலையை அறிந்தோர்க்கு அதன் தீங்கு தெரியும். கல்விக்குக் கூலி கொடுக்க மனமில்லாத சமூகம் கல்வியை மதிக்கும் என்று எதிர்பார்த்தல் வீண்.

மூன்றாவது காலம். உப்பு விளைவது வறண்ட மாதங்களில். ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது அளம் ஓயும். அப்போது காலபோக விதைப்பு வந்து சேரும். தை, மாசியில் அறுவடை. இக்காலக் கணக்கு கொழும்பிலே பாட அட்டவணை வகுப்போர்க்குத் தெரியாது. ஒப்படைக்குரிய இறுதி நாளும் அறுவடையும் ஒன்றாக வந்தால் எது வெல்லும் என்று சொல்ல வேண்டுமா? இணையவழிக் கல்வியின் பெருஞ் சிறப்பே கால நெகிழ்ச்சி என்பர். அந்நெகிழ்ச்சியை உழவனுக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் வழங்குவாராக. பரீட்சையையும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அழைத்து நடத்தாமல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடத்துவாராக. ஒரு நாட் கூலியை இழந்து பஸ்ஸுக்கும் பணம் கொடுத்துப் பரீட்சைக்குச் செல்வோர்க்கு அச்செலவே பெருந் தடையாகின்றது.

நான்காவது மொழி. பண்டிதன் மொழியைப் பற்றிப் பேசுதல் இயல்புதானே என்று கூறி இதனைத் தள்ளிவிடாதீர்கள். வேற்றுமொழியில் எழுதிய பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழென்று தரும்போது, எழுவாய் ஒரு பக்கத்திலும் பயனிலை மறு பக்கத்திலும் கிடந்து, ஆசிரியர்க்கே தலை சுழல்கின்றது. தனியே இருந்து கற்பவன் அதனை விளங்காதபோது குறை தன் அறிவில் என்று எண்ணி விட்டுவிடுகின்றான். கல்வியைக் கைவிட்டோரின் கணக்கிலே இவ்வாறு மொழிநடையாற் கைவிடப்பட்டோரும் அடங்குவர்.

உப்பளத் தொழிலாளி ஒருவர்க்கு இரசாயனம் கற்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்புகள் உள. வெயிலில் நீர் வற்ற வற்றச் செறிவு மிகும். முதலிற் சுண்ணாம்பு சார்ந்த பொருள்கள் படியும். அதன் பின்பே சோற்றுப்பு மணியாகும். இறுதியில் எஞ்சும் கசப்பு நீரில் மகனீசிய உப்புகள் தங்கும். அக்கசப்பு நீரை உரிய வேளையில் வடியாவிடின் உப்புக் கசக்கும். பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றும் தொழிலாளி இவற்றை நிறத்தாலும் கைப்பதத்தாலும் ஏலவே அறிந்தவர். கரைசல், செறிவு, பளிங்காதல் என்னும் பாடங்களை அவர் பாத்தியிலிருந்து தொடங்கினால் ஒரு மாதத்திற் கற்றுவிடுவார். பாடநூலின் முதற் பக்கத்திலுள்ள வரைவிலக்கணத்திலிருந்து தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் வரமாட்டார். ஆகவே பாடம் எழுதுவோர் இவ்வூர்களில் வந்து தங்கிப் பாத்தி, மதகு, வரம்பு என்னும் சொற்களைக் கேட்டுச் செல்லல் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021 ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. அவற்றின் மதிலுக்கு வெளியே வாழ்வோர்க்குப் பாடம் செய்து தருதல் அவற்றுக்கு அரியதொரு பணியன்று.

இவ்வளவு செலவு செய்ய வேண்டுமாயின் இணையம் எதற்கு, பழைய இராப் பாடசாலையே போதுமே என்று ஒருவர் வினவலாம். போதாது. ஆனையிறவிலே ஒரு கணித ஆசிரியரையும் ஓர் ஆங்கில ஆசிரியரையும் ஒரு பொறியியல் ஆசிரியரையும் நாள்தோறும் அமர்த்த எவராலும் இயலாது. அந்தக் காற்பங்கை இணையம் வேறெதனாலும் இயலாத வகையில் கொண்டுவந்து தருகின்றது. அதனை இகழ்வது அறியாமை. அது வந்துவிட்டமையால் மற்றவை வேண்டா என்று ஆசிரியரையும் நிலையத்தையும் குறைப்பது அதனினும் கேடானது. செலவு குறையும் என்ற ஆசையினால் இவ்விரண்டாவது பிழை நிகழக் கூடும் என்பதே எமது அச்சம். எத்தனை பேர் சேர்ந்தனர் என்று அறிக்கையில் எழுதுதல் எளிது. எத்தனை பேர் முடித்தனர், முடித்தவருள் எத்தனை பேர்க்கு அதனால் வேலையோ ஊதிய உயர்வோ கிடைத்தது என்று ஆண்டுதோறும் வெளியிடுமாறு ஒவ்வொரு நிறுவனத்தையும் நாம் கேட்டல் வேண்டும்.

2025 மே மாதத் தேர்தலின் பின் நம் பிரதேச சபைகளுக்கு மீண்டும் மக்கட் பிரதிநிதிகள் வந்துள்ளனர். சனசமூக நிலையங்களும் நூலகங்களும் அவர் பொறுப்பில் அடங்குவன. கரைச்சி, பச்சிலைப்பள்ளிச் சபைகள் தத்தம் எல்லையில் ஒவ்வொரு நிலையத்தைத் தேர்ந்து, திறந்த பல்கலைக்கழகத்தோடும் கல்வித் திணைக்களத்தோடும் பேசி, ஓராண்டுக்கு இம்முறையை நடத்திப் பார்க்கலாம். வெளிநாடுகளில் வாழும் நம்மவர் கட்டடங்களுக்கும் விளையாட்டரங்குகளுக்கும் பொருள் உதவுகின்றனர். இரண்டு துணையாசிரியரின் ஓராண்டு ஊதியம் அவற்றினும் சிறு தொகையே. ஓராண்டின் பின் பத்துப் பேர் சாதாரண தரத்திற் சித்தியெய்தினும் அது பெரிய செய்தி. அப்பதின்மரும் மறு ஆண்டிலே பிறர்க்குச் சொல்லிக்கொடுப்பாராயின் நன்னூலார் கணக்கும் நிரம்பும். பள்ளிப் பருவத்தைப் பதுங்குகுழியிற் கழித்தோர்க்கு இந்நாடு ஒரு கடன் பட்டிருக்கின்றது. அவர் இளமை முற்றும் கழியுமுன் அதனைத் தீர்க்கும் வழியை உரியோர் காண்பாராக.